பெயர்ப்பலகையும் எழுத்துச் சான்றே: மதுரைத் தெருக்களின் ஒளியெழுத்தும் வண்ண எழுத்தும்

மதுரைக்கு வடகிழக்கே, மாங்குளத்தை ஒட்டிய மீனாட்சிபுரத்துக் குன்றில் பழைய எழுத்துகள் இருப்பதை இராபர்ட் சுவெல் 1882இல் வெளியுலகிற்கு அறிவித்தார். அவற்றின் மொழி தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துரைக்கும் வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அதன் பின்னரும் ஐராவதம் மகாதேவனின் வாசிப்பு வரை அக்கல்வெட்டுகள் காத்திருந்தன. நெடுஞ்செழியன் என்னும் பெயரைத் தாங்கிய அவ்வெழுத்துகளை ஆய்வாளர் எப்போது வந்து படித்தாலும் படித்துக்கொள்ளலாம். பாறைக்கு அந்தப் பொறுமை உண்டு. தகரத்திற்கும் கண்ணாடிக்கும் அது கிடையாது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மதுரையின் மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும், திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி போன்ற சுற்றுவட்டார ஊர்களின் கடைத்தெருக்களிலும் எழுதப்பெற்ற பெயர்ப்பலகைகள் பல வகைப்படும். தகரத்தில் எனாமல் வண்ணத்தால் தீட்டியவை, கட்டட முகப்பில் சிமென்டால் புடைப்பாகச் செய்து அடியில் ஆண்டும் பொறித்தவை, மரத்தில் வெட்டி ஒட்டியவை, கண்ணாடிக் குழலை வளைத்து வளிமம் நிரப்பி இரவில் ஒளிரச் செய்தவை என்று அவை அமைந்தன. இவற்றுள் மிக விரைவாக மறைவது இறுதியாகக் கூறப்பெற்ற நியான் எழுத்து. அதனையடுத்துக் கையெழுத்துப் பலகை மறைந்து வருகின்றது. கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கும் துறை ஒன்று 1880களிலிருந்து இயங்கி வருகின்றது. ஓலைக்குச் சுவடிப்புலங்கள் உள்ளன. அச்சு நூலுக்கு நூலகங்கள் உள்ளன. பெயர்ப்பலகைக்கு எத்துறையும் பொறுப்பேற்கவில்லை. அது கலைக்கல்லூரியின் வேலையா, கட்டடவியலாரின் வேலையா என்னும் வினா எழும்போதெல்லாம் தமிழ்த்துறைகள் ஒதுங்கி நிற்பதே வழக்கமாக உள்ளது. இவ்வொதுக்கம் பொருத்தமற்றது என்பதும், பலகை எழுத்தை முதன்மையாக ஆராய வேண்டிய இடம் தமிழ்த்துறையே என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

கருவியும் எழுத்தும்

நியான் என்னும் வளிமத்தை வில்லியம் இராம்சேவும் மோரிசு டிராவர்சும் 1898இல் இலண்டனில் கண்டறிந்தனர். கிரேக்க மொழியில் அப்பெயருக்குப் 'புதியது' என்பது பொருள். இன்று அதுவே பழமையின் அடையாளமாகிவிட்டமை ஒரு வேடிக்கை. பிரெஞ்சுப் பொறியாளர் சார்சு கிளாடு 1910இல் பாரிசு மோட்டார் வாகனக் கண்காட்சியில் இவ்விளக்கை மக்கள் பார்வைக்கு வைத்தார். சில ஆண்டுகளுக்குள் அது கடைப்பெயராக வளைந்தது. தமிழகத்தில் 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம் என நீர்மின் நிலையங்கள் அடுத்தடுத்து இயங்கத் தொடங்கிய பின்னரே இரவுத் தெருவில் ஒளியால் எழுதுதல் பெருநகர்களைக் கடந்து பரவுவதற்கு வாய்ப்பு ஏற்பட்டது. திரையரங்கு, தங்கும் விடுதி, ஜவுளிக்கடை, நகைக்கடை ஆகியன இவ்வெழுத்தை விரும்பி ஏற்றன. மலைக்கோயில் உச்சியில் இரவில் தொலைவிலிருந்தே தெரியும் 'ஓம்' என்னும் எழுத்தும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

நியான் எழுத்தை உருவாக்கும் முறை தமிழாய்வாளரின் கவனத்திற்கு உரியது. முதலில் எழுத்து முழு அளவில் தாளில் வரையப்படும். குழலின் முகப்பு கீழ்நோக்கி இருக்குமாறு வளைப்பதால் அவ்வரைபடம் பெரும்பாலும் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல இடவலம் மாறியிருக்கும். ஏறத்தாழ நான்கு அடி நீளமுள்ள கண்ணாடிக் குழலைத் தீச்சுவாலையில் இளக்கி, ஒரு முனையில் இரப்பர்க் குழாய் வழியே வாயால் மெல்ல ஊதி, குழல் நசுங்காமல் காத்துக்கொண்டே வளைப்பர். இளகிய கண்ணாடி சில நொடிகளே இடங்கொடுக்கும். அதற்குள் வளைவு முடிந்தாக வேண்டும். இரு முனைகளிலும் மின்முனை பொருத்தி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, வளிமம் நிரப்பி மூடுவர். நியான் செம்மஞ்சளாக ஒளிரும். நீலத்திற்கு ஆர்கானுடன் பாதரசம் சேரும். பிற நிறங்களுக்குக் குழலின் உட்புறம் ஒளிர்பூச்சு வேண்டும். ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் ஒரு மின்மாற்றி வழியே பாயும்.

இம்முறையில் எழுத்தெல்லாம் ஒரே கனத்தில் அமையும். தூரிகையில் இயல்பாக வரும் தடிப்பும் மெலிவும் இதில் இல்லை. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே குழல் அறுபடாமல் செல்ல வேண்டும் என்பதால், படிக்க வேண்டாத இணைப்புப் பகுதியைக் கறுப்பு வண்ணம் பூசி மறைப்பர். குழல் தன்னைத் தானே ஊடறுக்க இயலாது. எனவே ஞகரம், ஐகாரம் போன்ற சுழியுள்ள எழுத்துகளில் ஒரு கோடு மற்றொன்றின் பின்னால் ஆழத்தில் இறங்கிச் செல்லும். மெய்யெழுத்தின் புள்ளியே பெருஞ்சிக்கல். அது உடலிலிருந்து பிரிந்து நிற்கும் உறுப்பு. அதற்கெனத் தனிக் குழல் வளைப்பதா, சிறு வளையமாக்குவதா, கறுப்பிட்ட இணைப்பின் வழியே மேலேற்றி இறக்குவதா என்பதை வளைப்பவர் தாமே தீர்மானிக்க வேண்டும்.

இச்சிக்கல் புதியதன்று. மெய்க்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளியைத் தொல்காப்பிய நூன்மரபு விதித்திருந்தும், ஓலையில் எழுத்தாணி புள்ளியிடத் தயங்கியது. ஏடு கிழியும் என்பது அதற்குக் கூறப்பெறும் காரணம். சுவடிப் பதிப்பாசிரியர்கள் புள்ளியற்ற ஏட்டோடு பட்ட பாடு தமிழுலகம் அறிந்தது. உளி பாறையில் நேர்கோட்டை விரும்பியது. எழுத்தாணி ஓலையில் வளைவை விரும்பியது. பாண்டிய நாட்டில் செழித்த வட்டெழுத்தின் உருண்ட வடிவத்தை எழுதுபொருளோடு சேர்த்தே விளக்குவது மரபு. மதுரையை அடுத்த யானைமலையில் மாறன்காரி எடுப்பித்த நரசிங்கப் பெருமாள் குடைவரையில் கி.பி. 770ஐச் சார்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டு உள்ளது. அதன் எழுத்தமைதியைக் கற்பிக்கும் வகுப்பறையில், அம்மலையின் அடிவாரச் சாலையில் கண்ணாடிக் குழல் தமிழ் எழுத்தை எவ்வாறு மாற்றியது என்பதையும் கற்பிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. உளி, எழுத்தாணி, அச்சு, தூரிகை, குழல் என்னும் வரிசையில் இறுதி இரண்டையும் விட்டுவிட்டு எழுதப்பெறும் தமிழ் எழுத்து வரலாறு, தன் காலத்திற்கு மிக அண்மையில் உள்ள பக்கத்தையே கிழித்தெறிகின்றது.

காலம் காட்டும் எழுத்துகள்

தமிழ்நாட்டரசு 1978 அக்டோபரில் பிறப்பித்த ஆணை, பெரியார் பரிந்துரைத்த எழுத்துச் சீர்திருத்தங்களுள் பதின்மூன்று எழுத்துகளின் மாற்றத்தை நடைமுறைப்படுத்தியது. ணா, றா, னா ஆகியவற்றின் பழைய சுழிவடிவமும், அவற்றோடு ஒகர ஓகாரம் சேர்ந்த ஆறு வடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவமும் விடைபெற்றன. அரசிதழிலும் பாடநூலிலும் இம்மாற்றம் எப்போது நிகழ்ந்தது என்பதை எளிதில் காட்டலாம். தெருவில் அது எப்போது நிகழ்ந்தது? இவ்வினாவிற்குப் பெயர்ப்பலகையைத் தவிர வேறு சான்று அரிது.

சான்றுகள் குறைவாக இருக்கும் என்றும் கருத வேண்டா. பலகையின் தலைப்பில் எழுதப்படும் 'முருகன் துணை', 'மீனாட்சி துணை' என்னும் வேண்டுதலில் ணை உள்ளது. 'விற்பனை நிலையம்' என்னும் தொடரில் னை, லை இரண்டும் உள்ளன. 'அண்ணா' என்னும் பெயரில் ணா உள்ளது. 'சாலை', 'ஆலை', 'சென்னை' ஆகியவை எங்கும் காணக்கூடியவை. ஒரு தெருவில் உள்ள பழம்பலகைகளைப் படமெடுத்து, உரிமையாளரிடம் அவை எழுதப்பெற்ற ஆண்டைக் கேட்டறிந்து அடுக்கினால், ஆணைக்கு முன்னரே சீர்திருத்த வடிவத்தைக் கையாண்ட கடைகள் எவை, ஆணைக்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் துதிக்கையைக் கைவிடாத கடைகள் எவை என்பது புலப்படும். முன்னவை இயக்கச் சார்புடையோரின் கடைகளா, பின்னவை தூரிகைப் பழக்கத்தின் விளைவா என்பது அடுத்து எழும் வினா. மதுரையில் 1981 சனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றபோது நகரெங்கும் எழுந்த புதிய எழுத்துகள் பழையவற்றை எவ்வளவு விரட்டின என்பதும் ஆராயத்தக்கது. மொழியியலார் பேச்சுவழக்கின் பரவலுக்கு வரைபடம் வரைவதைப் போல எழுத்துவடிவப் பரவலுக்கும் வரையலாம். மூலம் மட்டும் எஞ்சியிருக்க வேண்டும்.

சொல்வழக்கைக் குறித்தும் இதனையே கூறலாம். காப்பி கிளப், மிலிட்டரி ஓட்டல், டாக்கீஸ், மளிகை, ஜவுளி, சைக்கிள் மார்ட், ஸ்டோர்ஸ், அன்ட் சன்ஸ் என்னும் சொற்களுள் பல அகராதியில் இடம்பெறும் முன்னரே பலகையில் ஏறியவை. 'டாக்கீஸ்' தியேட்டராகி, 'திரையரங்கு' ஆனதைப் பத்திரிகை விளம்பரங்களைக் கொண்டும் காட்டலாம் என்பது உண்மையே. ஆனால் பத்திரிகையில் விளம்பரம் செய்ய வசதியற்ற சிறுகடையின் மொழியைப் பலகை மட்டுமே வைத்திருக்கின்றது.

பலகையில் நடந்த அரசியல்

தமிழ்நாட்டின் இருபதாம் நூற்றாண்டு அரசியல் வரலாற்றில் பெயர்ப்பலகை பின்னணிப் பொருளாக மட்டும் இருந்ததில்லை. 1952 ஆகஸ்டில் தொடர்வண்டி நிலையப் பலகைகளின் இந்தி எழுத்துகள் தாரால் அழிக்கப்பெற்றன. 1953 சூலையில் டால்மியாபுரம் நிலையத்தில் 'கல்லக்குடி' என்னும் பெயர் ஒட்டப்பெற்றது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் உணவகத்தின் முன் நாள்தோறும் மறியல் நடந்ததற்குக் காரணம் அதன் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்னும் ஒரு சொல். மாநிலத்தின் பெயரே 1969இல் தமிழ்நாடு என மாறியபோது எத்தனை பலகைகள் திருத்தி எழுதப்பெற்றிருக்க வேண்டும் என்பதைக் கற்பனை செய்துகொள்ளலாம். இவ்வரலாற்றை எழுதுவோர் செய்தித்தாளையும் சட்டமன்றக் குறிப்பையும் மேற்கோள் காட்டுகின்றனர். சர்ச்சைக்கு உள்ளான எழுத்தின் ஒளிப்படம் கூடப் பல நூல்களில் இல்லை.

அரசு விதியும் இதனுள் அடங்கும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள், பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்கின்றன. தமிழுக்கு ஐந்து, ஆங்கிலத்திற்கு மூன்று, பிறமொழிக்கு இரண்டு என்னும் இட அளவு அடிக்கடி நினைவூட்டப்படுகின்றது. இவ்விதி எவ்வளவு பின்பற்றப்பட்டது என்பதை அளக்க வேண்டுமாயின், முன்பு தமிழ் எவ்வளவு இருந்தது என்பது தெரிந்தாக வேண்டும். பழைய பலகைகளைப் பாதுகாக்காமல் 'தெருவில் தமிழ் தேய்கிறது' என்று முழங்குவது, பழைய கணக்கேடு இல்லாமல் இழப்பைக் கணக்கிடுவது போன்றது. மதுரை தமிழ் மட்டும் புழங்கிய ஊருமன்று. நூற்றாண்டுகளாக இங்கு வாழும் சௌராட்டிர மக்களின் மொழியும் இந்நகரில் ஒலிக்கின்றது. அது பலகையில் எந்த எழுத்தில் ஏறியது, எங்கு ஏறாமலேயே போயிற்று என்பது தனி ஆய்வுக்குரிய பொருள்.

கலையா, வணிகமா

பெயர்ப்பலகை பொருள் விற்பதற்காக எழுதப்பெற்றது. அதைக் கலை என்பது மிகை என்பது முதல் மறுப்பு. கோயில் கல்வெட்டுகளுள் பெரும்பகுதி நிலவிற்பனை, விளக்குக்கு ஆடு கொடுத்தல், வரி நீக்கம், கடன் ஆகியவற்றைப் பற்றியவை என்பதை இம்மறுப்பை எழுப்புவோர் நினைவுகூர்தல் நன்று. பயன் கருதி எழுதப்பெற்றதனால் கல்வெட்டின் எழுத்தழகு குறையவில்லை. கல்வெட்டின் இறுதியில் 'இவை இன்னார் எழுத்து' என்று கையொப்பமிடும் மரபு உண்டு. தகரப் பலகையின் கீழ்மூலையில் சிறிய எழுத்தில் ஓவியர் தம் பெயரோடு 'ஆர்ட்ஸ்' என்று சேர்த்து எழுதும் வழக்கத்தை அதனோடு ஒப்பிட்டுக் காண்பது மிகையாகாது. தெருவில் செல்லும் எவரும் கட்டணமின்றி, அனுமதியின்றி, எழுத்தறிவு அரைகுறையாக இருந்தும் கண்டு துய்த்த ஓவியம் அது. பொதுவெளிக் கலை என்னும் சொல்லுக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு எளிதில் அகப்படாது. பலர் தமிழ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பழகியது பேருந்துச் சன்னலுக்கு வெளியே ஓடிய பலகைகளில்தான் என்பதையும் மறத்தற்கில்லை.

திரையரங்குகளை இங்குத் தனித்துக் கூற வேண்டும். மதுரையின் இராயல் டாக்கீசு நிறுவனத்தார் 1937இல் வெளியிட்ட 'சிந்தாமணி' படத்தின் வருவாயைக் கொண்டு அதே பெயரில் இந்நகரில் ஓர் அரங்கு கட்டினர் என்பர். படத்தின் பெயர் கட்டடத்தின் பெயராகி முகப்பில் நிலைத்தது. 1952 தீபாவளியன்று 'பராசக்தி' படத்தோடு தொடங்கிய தங்கம் திரையரங்கு 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு ஆசியாவின் மிகப்பெரிய அரங்கு எனப் பேர் பெற்றிருந்தது. தொடர்வண்டி நிலையத்தை அடுத்த விக்டோரியா எட்வர்டு மன்றக் கட்டடம் பகலில் படிப்பகமாகவும் மாலையில் ரீகல் என்னும் ஆங்கிலப்பட அரங்காகவும் இயங்கியது. இவ்வரங்குகளின் முகப்பெழுத்தும், அவற்றின் முன் எழுப்பப்பெற்ற கையோவிய விளம்பரங்களும் நகரத்தின் இரவுத் தோற்றத்தை வரையறுத்தவை. தமிழ்த் திரைப்பட விளம்பரக் கலையைப் பற்றிப் பிரிமிந்தா யேக்கப் 2009இல் வெளியிட்ட ஆங்கில நூலைப் போன்ற முயற்சிகள் சென்னையை மையமிட்டு எழுந்துள்ளன. மதுரைக்கு அத்தகைய விரிவான நூல் ஒன்று தமிழ்த்துறையிலிருந்தே எழுந்திருக்க வேண்டும். தங்கம் அரங்கு இடிக்கப்பட்டுவிட்டது. அதன் உரையாடல்கள் அச்சில் கிடைக்கின்றன, பாடல்கள் ஒலிக்கின்றன, முகப்பெழுத்தை அறிய வேண்டுவோர் பழைய ஒளிப்படங்களைத் தேடி வீடு வீடாகச் செல்ல வேண்டும்.

இரண்டாவது மறுப்பு தூய தமிழ் நோக்கிலிருந்து எழுவது. ஒற்றுப்பிழையும் ஆங்கிலக் கலப்பும் வடவெழுத்தும் நிறைந்த பலகைகளைக் காப்பது தமிழுக்குத் தொண்டாகுமா என்று கேட்போர் உளர். பிழையைக் காப்பதற்கும் பிழையைப் பரப்புவதற்கும் இடையே வேறுபாடு உண்டு. கல்வெட்டில் காணும் பேச்சுவழக்கும் பிழைவழக்கும் இடைக்காலத் தமிழின் இலக்கணத்தை அறிய எவ்வளவு உதவின என்பதை இத்துறையினருக்கு விளக்க வேண்டுவதில்லை. 'பிராமணாள்' போன்ற இழிவின் தடங்களையும் பதிவு செய்தல் வேண்டும். அழகிய பலகைகளை மட்டும் பொறுக்கி மலரும் நினைவாக அடுக்கினால் அது வரலாறாகாது. சாதிப்பெயர் எழுதிய பலகை தெருவை விட்டு நீங்குவது நன்று. நீங்கும் முன் அது ஆவணமாதலும் நன்று.

மூன்றாவது மறுப்பு நடைமுறை பற்றியது. உடைந்த நியான் குழலில் பாதரசம் இருக்கக்கூடும், மின்மாற்றி ஆபத்தானது, துருப்பிடித்த பலகை வழிப்போக்கரின் தலையில் விழும். இதில் நியாயம் உண்டு. 2019 செப்டம்பரில் சென்னையில் சாலையில் விழுந்த பதாகையால் ஓர் இளம்பெண் உயிரிழந்ததைத் தமிழகம் மறக்கவில்லை. ஆயினும் அவ்விறப்பிற்குக் காரணமானது கைவினைப் பலகையைத் தெருவிலிருந்து விரட்டிய ஃப்ளெக்ஸ் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். எல்லாப் பலகையையும் இருந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்று எவரும் கோரவில்லை. இடத்தில் காக்கத்தக்கவை சில. அகற்றிக் காக்கத்தக்கவை சில. படமும் அளவும் எடுத்தபின் விடத்தக்கவை பல.

சட்டத்தின் வயதுக்கணக்கு

நடுவணரசின் 1958ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டம் நூறாண்டு கடந்தவற்றையே நோக்குகின்றது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் பொதுவாக நூறாண்டையே அளவுகோலாக்குகின்றது. ஆனால் அச்சட்டம் ஒரு விலக்கு அளிக்கின்றது. அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகியல் ஆகியவற்றுள் ஒன்றில் மதிப்புடைய கையெழுத்துப்படி, பதிவு, ஆவணம் ஆகியவற்றுக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும். எழுதப்பெற்றது விரைவில் அழியும் என்னும் உணர்வு சட்டத்தை வரைந்தோரிடம் இருந்திருக்க வேண்டும். 1950ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பெற்ற பலகை இப்போது அவ்வயதை எட்டிவிட்டது. பலகையும் 'பதிவு' என்பதனுள் அடங்குமா என்பது சட்ட அறிஞர் தீர்மானிக்க வேண்டியது. அடங்கும் என வாதிடுவதற்கான எழுத்தியல் ஆதாரத்தைத் தமிழாய்வாளர் தர வேண்டும். தமிழ்நாட்டின் 2012ஆம் ஆண்டு மரபுரிமை ஆணையச் சட்டம் கட்டடங்களை நோக்கியது. ஒரு முகப்பைக் காக்கும்போது அதன்மேல் உள்ள எழுத்தையும் முகப்பின் உறுப்பாகக் கொள்ளுமாறு கேட்பதில் தவறில்லை.

பிறநாட்டுப் பட்டறிவு இவ்விடத்தில் பயன்படும். அமெரிக்காவின் இலாசு வேகாசில் கழிக்கப்பெற்ற நியான் பலகைகளைத் திரட்டும் அருங்காட்சியகம் 1996இல் அமைப்பாக உருப்பெற்று, 2012இல் தன் திறந்தவெளித் தொகுப்பைப் பொதுமக்களுக்குத் திறந்தது. போலந்தின் வார்சாவில் பொதுவுடைமை ஆட்சிக்கால நியான்களுக்கென அருங்காட்சியகம் உண்டு. ஆங்காங் நகரில் பாதுகாப்பு விதிகளால் பலகைகள் அகற்றப்பட்டு வந்த நிலையில், ஓர் உணவகத்தின் பசுவடிவ நியானை எம் பிளசு அருங்காட்சியகம் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. இவற்றுள் மதுரைக்கு நெருங்கியது ஆங்காங்கே. அங்கும் எழுத்தர் முதலில் தூரிகையால் எழுதித் தர, அதனைக் குழல்வளைப்பவர் கண்ணாடியாக்கினார். அங்கும் மரபெழுத்து ஒன்று புதிய பொருளில் புகுந்தது. இந்தியாவில் அனிப் குரேசி கைவண்ண எழுத்தாளர்களின் எழுத்துகளைத் திரட்டிக் கணினி எழுத்துருக்களாக்கிய முயற்சி குறிப்பிடத்தக்கது. அத்தகைய முயற்சி எழுத்தின் வடிவத்தைக் காக்கும். பலகையின் சொல்லையும் காலத்தையும் இடத்தையும் காப்பது மொழித்துறையின் கடமையாக எஞ்சுகின்றது.

தமிழ்த்துறைக்கு இது எல்லை மீறலும் ஆகாது. தொ. பரமசிவன் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய அழகர்கோயில் ஆய்வு 1989இல் நூலாக வந்தபோது, வாய்மொழியும் வழிபாடும் சடங்கும் தமிழாய்வின் மூலங்களாக ஏற்கப்பட்டுவிட்டன. சுவரில் எழுதியது அதற்குள் அடங்காமல் போவதற்குக் காரணம் ஏதுமில்லை. இன்னொரு சான்றும் உண்டு. இன்று தமிழாய்வாளர் எவரும் ஒருமுறையேனும் படியேறும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் மூலத்தொகுப்பைச் சேர்த்த கோட்டையூர் முத்தையா, இளமையில் சென்னையில் பெயர்ப்பலகை எழுதும் தொழிலில் ஈடுபட்டவர். தமிழின் அச்சுச் செல்வத்தைக் காத்தது ஒரு பலகை எழுத்தாளரின் கண்.

செய்ய வேண்டுவன மிகப் பெரியனவல்ல. கல்வெட்டு ஆண்டறிக்கைகள் ஊர், இடம், மொழி, எழுத்து, காலம், செய்தி எனக் கட்டமிட்டுப் பதிவு செய்யும் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதனோடு பொருள், எழுதியவர், எழுத்தின் உயரம், புள்ளியிடும் முறை, 1978க்கு முந்திய வடிவம் உண்டா என்னும் ஐந்து கட்டங்களைச் சேர்த்தால் போதும். ஒரு மாணவர் ஒரு பருவத்தில் ஒரு வீதியை முடிக்கலாம். இத்தகைய சிற்றளவு ஆய்வுக்கு இளமுனைவர் பட்டமே பொருத்தமாக இருந்தது. 2022ஆம் ஆண்டு விதிகளால் பல்கலைக்கழக மானியக் குழு அதனை நீக்கிவிட்டமையால் முதுகலை ஆய்வேட்டிலேயே இதற்கு இடம் காண வேண்டும். அகற்றப்படும் பலகைகளை வைப்பதற்கு மதுரையில் இடமே இல்லை என்றும் கூறவியலாது. காந்தி நினைவு அருங்காட்சியகமும், 2023இல் திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகமும், பல்கலைக்கழக வளாகமும் உள்ளன.

பலகையைவிட அவசரமானது அதனை எழுதியவரின் நினைவு. ஃப்ளெக்ஸ் அச்சு வந்தபின் தூரிகையைக் கைவிட்டோர் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டனர். குழல்வளைப்போர் அவர்களினும் சிலரே. 'ழ'வின் வாலை எங்குத் தொடங்கினர், புள்ளியை எவ்வாறு முடித்தனர், எந்த முதலாளி எந்தச் சொல்லை மாற்றச் சொன்னார், ஆணை வந்தபோது துதிக்கையை அழித்துக் கொம்பு வரைந்ததற்குக் கூலி எவ்வளவு என்பவை அவர்களிடம் மட்டுமே உள்ள செய்திகள். புதுமண்டபத்திலிருந்து புத்தகக் கடைகளும் தையற்கடைகளும் குன்னத்தூர் சத்திரத்திற்கு இடம்பெயர்ந்தபோது பழைய பலகைகளுள் எவை உடன் சென்றன, எவை பழைய இரும்புக் கடைக்குச் சென்றன என்பதை அக்கடைக்காரர்களிடம் இப்போது கேட்டால் விடை கிடைக்கும். வரும் கல்வியாண்டின் களப்பணியை அங்கிருந்தே தொடங்கலாம்.